முந்நூற்று நான்காவது கேசட்

இது நடந்தது. எனக்கில்லை, என் அக்காவுக்கு. கூடப் பிறந்தவள் என்பதால் "யாருக்கோ நடந்ததாம்" என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். சின்ன வயதில் நான் செய்த தப்புகளுக்கு அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அடி வாங்கியதுதான் மிச்சம்.

அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய் ஒரு விண்ணப்பப் படிவத்தில் எழுதியது. அந்தப் பொய்க்குத்தான் இந்தக் கதி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்து அணைந்து எரியும் விளக்கு என்று எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். பிற்பகல் மணி மூன்று நாற்பத்தொன்று. வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போன நேரம்.

அக்கா ஒரு ஒலிக் காப்பகத்தில் பட்டியலாளர். பழைய ஒலிப்பதிவுகளுக்கு எண் கொடுத்து, யார், என்ன, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கும் வேலை. காப்பகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறையும் ஒரு நிலவறையும். மழை வந்தால் வாளி வைக்க வேண்டிய கூரை. அங்கே இருந்த ஒரே சொத்து, ஒரு வாத்தியார் விட்டுப்போன கேசட்டுகள்.

அந்த ஊரில் முன்பு ஒரு சட்டை ஆலை இருந்தது. அது மூடிய பிறகு அந்த வாத்தியார் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலை பார்த்தவர்களின் வீடு வீடாகப் போனார். எல்லோரிடமும் அதே ஏழு கேள்விகள். அதே வரிசை. பேர் மட்டும் கேட்கமாட்டார். முதலாளிக்குப் பயந்தவர்கள் வாயைத் திறக்கட்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு.

ஏழாவது கேள்விதான் முக்கியம். "நீங்க சொன்னதை மத்தவங்க கேக்கலாமா?"

மொத்தம் முந்நூற்று மூன்று பேர் பேசியிருந்தார்கள். முந்நூறு தாண்டியதில் வாத்தியாருக்கு ரொம்பப் பெருமையாம். அவர்களில் நான்கு பேர் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த நான்கு கேசட்டுகளை அவர் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவருக்குப் பிறகு அக்காவும் பூட்டியே வைத்திருந்தாள். அந்தச் சாவி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். வேண்டாம் என்று சொன்னவர்களை யாரும் கேட்கக் கூடாது. அவளுக்கு அது வேலை விதி இல்லை, வாக்கு.

கேசட்டுகளோ செத்துக்கொண்டிருந்தன. நாடாவிலிருந்து பழுப்புப் பொடி உதிர்ந்தது. சில குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல ஆகிவிட்டன. வருஷக் கடைசியில் கட்டடத்தையே காலி செய்ய வேண்டும். பிறகு அவ்வளவும் பழைய சாமான் கடைக்குத்தான் போகும்.

காப்பாற்ற ஒரே வழி ஒரு நிதிக் குழு. இப்படிப்பட்ட தொகுப்புகளைப் பாதுகாத்து, எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் ஏற்ற அவர்கள் உதவுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை அக்காவின் கழுத்தைப் பிடித்தது. தடையில்லாமல் எல்லோரும் கேட்கக்கூடிய பதிவுகள் குறைந்தது முந்நூறு இருக்க வேண்டும்.

முந்நூற்று மூன்றில் நான்கு போனால்... இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். காப்பகத்தின் செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பூட்டி வெச்சதுல ஒண்ணை எடுத்து வெளிய போடும்மா."

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார்."

"செத்தே போயிருப்பாங்க."

"இருந்தாலும் வேண்டாம் சார்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கடிகாரம் நான்கு ஐம்பதைக் காட்டியது. அக்கா இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரை நினைத்தாள். ஒவ்வொரு குரலும் அவளுக்கு மனப்பாடம். யார் எங்கே இருமுவார், யார் எங்கே அழுவார் என்பது வரை தெரியும். அவ்வளவு பேரும் ஒற்றை எண்ணுக்காகக் குப்பைக்குப் போவதா?

பூட்டியவற்றைத் திறப்பதைவிட இல்லாத ஒன்றை எழுதுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்கும் துரோகம் இல்லையே.

எழுதினாள். எண் 304. பெண். வயது முப்பத்தொன்று. பிரிவு: பொத்தான் துளை. நேரம்: நாற்பத்திரண்டு நிமிடம் பத்து விநாடி. நிலை: தெளிவு. பிறர் கேட்கத் தடை: இல்லை.

வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிவிட்டாள். செயலாளர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. அனுப்பும்போது மணி நான்கு ஐம்பத்திரண்டு. காது மடல் வீடு வந்து சேரும் வரை சிவந்தே இருந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் நான்தான் அதைக் கவனித்துக் கிண்டல் செய்தேன். "என்னக்கா, யாரை ஏமாத்திட்டு வர?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, காலை பதினொன்று இருபதுக்கு நிதிக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குலுக்கல் முறையில் மூன்று பதிவுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இன்று மாலை ஐந்து மணிக்குள் அவற்றின் ஒலியை அனுப்புங்கள்.

எண் 12. எண் 188. எண் 304.

செயலாளர் ஊரில் இல்லை. நான்கு மணிக்கு மேல்தான் வருவார். குழுவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள். அதற்கு முன் இருக்கிற இரண்டையாவது ஒழுங்காக எடுத்துவைப்போம் என்று பன்னிரண்டை எடுத்து நகல் செய்தாள். நூற்று எண்பத்தெட்டை எடுக்க நிலவறைக்கு இறங்கியபோது மணி மூன்று இருபத்தாறு.

நூற்று எண்பத்தெட்டு அதன் இடத்தில் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கடைசித் தட்டைப் பார்த்தாள்.

முந்நூற்று மூன்றுக்குப் பிறகு இன்னொரு பெட்டி.

304.

ஒட்டியிருந்த காகிதம் பழுத்துப்போயிருந்தது. ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள். மை வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. மேலே விரல் கனத்துக்குத் தூசி.

கையெழுத்து... அக்காவுடையது.

மூன்றுக்குக் கீழே ஒரு சின்னச் சுழி போடுவது அவள் பழக்கம். அந்தச் சுழி அங்கே இருந்தது. இந்தக் காகிதத்தில் அவள் எழுதவேயில்லை. அது அவள் பிறப்பதற்கு முன்பே ஒட்டியது போல இருந்தது.

செயலாளர் வேலையாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். யாரையோ வைத்துத் தயார் செய்திருப்பார். பழையது போலத் தெரிய ஏதாவது செய்திருப்பார். சாமர்த்தியசாலி ஆயிற்றே.

மேலே கேட்பறையில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் நாடா அண்ணன். எந்த அறுந்த நாடாவையும் ஒட்டிவிடுவார். நூற்று எண்பத்தெட்டைப் பத்து நிமிடத்தில் விரைவு நகலில் முடித்துக் கொடுத்துவிட்டு, 304ஐ வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கம்மா இருந்துச்சு? நான் பார்த்ததே இல்லையே."

"கீழ இருந்துச்சுண்ணா."

"ரொம்ப நைஞ்சுபோயிருக்கு. இதை வேகமா ஓட்டினா அறுந்துடும். சாதாரண வேகத்துல ஓடட்டும், கம்ப்யூட்டர்ல தானா பதிவாகும். நீ கேட்டுக்கிட்டே இரு. நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். அக்கா ஹெட்ஃபோனை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். மூன்று நாற்பத்தொன்று.

ஸ்ஸ்ஸ்... என்று நாடா ஓடும் சத்தம்.

வாத்தியாரின் பதிவு எல்லாமே அவருடைய இருமலில்தான் தொடங்கும். பிறகு "சொல்லுங்க" என்பார். இதில் இருமல் இல்லை. "சொல்லுங்க" இல்லை. யாரோ மூச்சு விட்டார்கள். மைக்குக்கு மிக அருகில்.

"முப்பத்தொண்ணு."

ஒரு பெண். மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். பல நாள் பேசாமல் இருந்து பேசுகிறவர்களின் குரல் போல இருந்தது.

நான்கு விநாடி அமைதி.

"பொத்தான் துளை போடற இடம்."

நான்கு விநாடி.

"ஒம்பது வருஷம்."

அக்காவுக்குப் புரிந்தது. பதில்கள் மட்டும்தான் இருந்தன. கேள்விகள் இல்லை. கேள்வி வரவேண்டிய இடங்களெல்லாம் காலியாக இருந்தன.

நான்காவது கேள்வி, "முதல் நாள் ஞாபகம் இருக்கா?" அதற்குப் பதில் நீளமாக வந்தது. ஆலைக்குள் நுழைந்ததும் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது என்றாள். முதல் வாரமே ஊசி கட்டைவிரலில் ஏறிய கதை, ரத்தம் பட்ட சட்டையை மேஸ்திரிக்குத் தெரியாமல் பாவாடைக்குள் சுருட்டி வைத்த கதை. நடுவில் சிரித்தாள். நல்ல சிரிப்பு. அக்காவும் தன்னை மறந்து புன்னகைத்தாள்.

இதில் எதையும் அவள் படிவத்தில் எழுதவில்லை.

பிறகு அமைதி.

நான்கு விநாடி... பத்து... முப்பது...

நாடா சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே... வெளியே... உள்ளே...

ஒரு நிமிடம் ஆயிற்று. அக்காவுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. இத்தனை வருஷம் கேட்ட பழக்கம். அவளையும் அறியாமல் வாய் முணுமுணுத்தது.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"மூணு புள்ளைங்க."

உடனே வந்தது பதில்.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். திரும்ப மாட்டினாள்.

அந்தப் பெண் மூத்தவனைப் பற்றிச் சொன்னாள். நடுப்பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கடைக்குட்டியைத் துணி அலமாரியின் கீழ் இழுப்பறையில்தான் தூங்க வைப்பாளாம். தொட்டில் இல்லை. அந்தக் குழந்தையை "பொத்தான்" என்றுதான் மனதுக்குள் கூப்பிடுவாளாம்.

பிறகு அமைதி.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேசமாட்டேன். ஒரு நிமிடம். இரண்டு. மூச்சு காத்திருந்தது.

கடிகாரத்தில் நான்கு மணி மூன்று நிமிடம்.

பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். நிறுத்தினால் பதிவு பாதியில் நின்றுவிடும். இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்...

"ஆலையில... மறக்க முடியாதது எது?"

சொன்னாள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் சொன்னாள். அதை அக்கா இன்று வரை என்னிடம் சொன்னதில்லை. "நீயே கேட்டுக்கோ" என்றுதான் சொல்லுவாள். நான் கேட்கவில்லை. துணிவில்லை.

நான்கு இருபத்திரண்டு.

கேள்வி ஒன்று பாக்கி.

அக்கா அதைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள். குரல் எழும்பவில்லை. காற்றாகத்தான் வந்தது.

"நீங்க... யாரு?"

ஹெட்ஃபோனில் மூச்சு நின்றது.

"நீங்கதானே எழுதினீங்க."

அக்காவின் விரல் நிறுத்தும் பொத்தான் வரை போய்த் திரும்பியது.



நாடா ஓடியது.

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதாம். ஆனால் இந்தக் கேள்வி கேட்கப்படாத ஒரு பதிவுகூட அங்கே இல்லை. அவளால் முடியவில்லை.

"நீங்க சொன்னதை... மத்தவங்க கேக்கலாமா?"

"வேண்டாம்."

தெளிவாக. அவசரமில்லாமல்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

டக்.

நாடா தீர்ந்தது.

கணினித் திரையில் கோப்பின் நீளம் தெரிந்தது. 42:10.

நாடா அண்ணன் உள்ளே வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கோப்பை அங்கங்கே ஓட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இதுல கேள்வி கேக்கறது நீதானேம்மா?"

ஸ்பீக்கரில் அக்காவின் குரல். ஏழு கேள்விகளையும் கேட்டது. அவள் வாய் திறக்காத முதல் நான்கையும் சேர்த்து. "யாரு" என்று கேட்டது மட்டும் இல்லை. அதற்கு வந்த பதிலும் இல்லை.

"இந்த ரூம்ல மைக்கே கிடையாதேம்மா" என்றார் நாடா அண்ணன்.

செயலாளர் நான்கு முப்பத்தெட்டுக்கு வந்தார். இரண்டு நிமிடம் கேட்டார். முகம் மலர்ந்தது.

"பலே! யாரைப் பேச வெச்ச? அசல் ஆலைக்காரி மாதிரியே இருக்கு."

"சார், இதை அனுப்பக் கூடாது. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"எவங்க?"

அக்கா ஸ்பீக்கரைக் கையால் காட்டினாள்.

"இல்லாத ஆளைத்தானேம்மா நீ எழுதின? இல்லாத ஆளு எப்படி வேண்டாம்னு சொல்லும்?" அவர் நாடா அண்ணன் பக்கம் திரும்பினார். "அந்தக் கடைசிக் கேள்வியை வெட்டுங்க. மத்ததெல்லாம் தங்கம்."

அக்கா எழுந்து நின்றாள். கெஞ்சினாள். அழுதாள். வாழ்நாளில் முதல் தடவையாக அலுவலகத்தில் அழுதாள். செயலாளர் கெட்டவர் இல்லை. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. "அந்த இருநூத்துச் சொச்சம் பேரை நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார்.

நான்கு ஐம்பத்து மூன்றுக்குக் கோப்பு போய்விட்டது.

அன்றே கேசட்டைத் திரும்பவும் ஓட்டினார்கள். ஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான். இரண்டு பக்கமும் காலி. கணினியிலும் வெட்டியதை அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார்கள். "வேண்டாம்" என்ற அந்தச் சொல் இப்போது அக்காவின் காதில் மட்டும்தான் இருக்கிறது.

நிதி கிடைத்தது. செயலாளர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். ஒப்பந்தப்படி, பட்டியலில் உள்ள எல்லாப் பதிவும் பத்து வருஷத்துக்கு இணையத்தில் இருக்க வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது.

அக்கா விடவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நிதிக் குழுவின் அதிகாரிக்கு நேராகத் தொலைபேசியில் பேசினாள்.

"மேடம், அந்த 304 பொய். அப்படி ஒரு கேசட்டே கிடையாது. நான்தான் கற்பனையா எழுதினேன்."

மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இல்லாத கேசட்டை நாங்க எப்படி மேடம் கேட்டோம்?" என்றார் அந்த அதிகாரி, அன்பாக. "உங்களுக்கு வேலை ஜாஸ்தி போல. ரெண்டு நாள் லீவு எடுங்க."

பேசியவள் வேண்டாம் என்று சொன்னதையும் குழுவுக்கு எழுதிப் பார்த்தாள். தடை போட வேண்டுமானால் பேசியவரின் கையெழுத்தோடு கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. கூடவே அவள் அனுப்பிய படிவத்தின் நகலும் இருந்தது. பிறர் கேட்கத் தடை: இல்லை.

பதிவு ஏறிய நாளிலிருந்து அதிகம் கேட்கப்பட்டது 304தான். அக்கா தினமும் காலையில் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிடுவாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஏழாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதியது. வயதான ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அதை நானே படித்தேன். அக்கா என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"304இல் பேசுவது எங்கள் அம்மா" என்று தொடங்கியது கடிதம். "பொத்தான் துளை போட்டது, ஊசி ஏறிய கட்டைவிரல், மூன்று பிள்ளைகள், எல்லாம் சரி. இழுப்பறையில் தூங்கிய குழந்தை நான்தான். வாத்தியார் ஊருக்குள் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. ஆகவே இதை யார், எப்போது பதிவு செய்தார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் என் அண்ணனும் என் அக்காவும் நானும் தினமும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறோம். அண்ணனுக்கு இப்போது உடம்பு முடியவில்லை. கேட்டால்தான் தூங்குகிறார்."

கடைசிப் பத்தி இப்படி இருந்தது.

"கேள்வி கேட்கும் அந்தப் பெண்ணிடம் எங்களுக்காக ஒன்றே ஒன்று விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் அம்மா பிறவியிலிருந்தே வாய் பேச முடியாதவள். நாங்கள் யாரும் அவள் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உங்களிடம் மட்டும் எப்படிப் பேசினாள்?"

அக்கா இன்னும் பதில் எழுதவில்லை.